அவள் சரி போட்ட வரி

சங்கராபுரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் சுபஸ்ரீக்கு வேலை. இணையத்தில் கிடக்கும் செய்திகளைக் கம்ப்யூட்டர் தானாகப் படித்து, இன்னார் இப்படிப்பட்டவர் என்று ஒரு வரி எடுத்துக்கொள்ளும். அந்த வரி செய்தியில் இருக்கிறதா என்று பார்த்து அவள் சரி, தப்பு போட வேண்டும். அவள் சரி என்றால் அது கற்றுக்கொண்டு, போனில் கேட்பவர்களுக்கு அதையே பதிலாகச் சொல்லும்.

ஒருநாள் இப்படி ஒரு வரி வந்தது: வெள்ளிமலை ஜீப் டிரைவர் ஜாபர், ரேஷன் அரிசி கடத்தியவர்.

அவள் கை நின்றுவிட்டது. மலையில் அம்மா மயங்கி விழுந்தபோது, கொட்டுகிற மழையில் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் ஜாபர் பாய். அவர் ஜீப்பில் பிடிபட்ட அரிசி மூட்டைகள் வேறொருவனுடையவை என்று தெரிந்து, போலீசே மறுநாள் அவரை அனுப்பிவிட்டது. அதை மட்டும் யாரும் செய்தியாக எழுதவில்லை.

மேற்பார்வையாளர் தீனதயாளனிடம் போய்ச் சொன்னாள்.

"செய்தில இருக்குதா?"

"இருக்குதுங்க சார். ஆனா அவரு..."

"அப்புறம் இன்னா? நீ வாத்தியாரு, அது புள்ள. புக்ல இருக்கிறத சொல்லிக்குடு. உங்க வூட்டுக் கதைய சொல்லிக்கினு இருக்காத."

பக்கத்து நாற்காலிகள் சிரித்தன. சந்தேகம் என்றும் ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் காரணம் எழுத வேண்டும், மறுபடி அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும். சுபஸ்ரீ சரி போட்டாள்.

சில மாதம் கழித்து ஜாபர் பாய் அவள் வீட்டுக்கே வந்தார். அவர் மகள் ருக்ஷானாவுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோயிருந்தது.

"மாப்ள வூட்டுல போன்ல என் பேர கேட்டாங்களாம். அரிசி கடத்துனவன்னு சொல்லுதாம். நீ கம்ப்யூட்டர் வேல பாக்கிறியேம்மா, அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

கடவுளே எதிரில் நின்று கேட்பது போலிருந்தது.

"நான்தான் பாய்."

நடந்ததைச் சொன்னாள்.

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

திட்டியிருந்தால் அவள் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ, "அம்மாவுக்கு மயக்கம் கம்மியாச்சா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார்.

அந்த வரியை நீக்கச் சொல்லி சுபஸ்ரீ கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள். எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஜாபர் பாயின் ஜீப்பிலேயே மணலூர்பேட்டைக்குப் போய், மாப்பிள்ளையின் தாய் ரஜியா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தலை நிமிரவில்லை.

ரஜியா கேட்டு முடித்தாள். "மொதல்ல உக்காந்து டீ குடிம்மா," என்றாள். பிறகு ஜாபரைப் பார்த்து, "பொண்ண பாக்க வெள்ளிக்கிழம வர்றோம் பாய்," என்றாள்.

திரும்பும்போது சுபஸ்ரீ ஜீப்பின் பின்பக்கம் ஏறப் போனாள். இங்கே ஒரு வீட்டாருக்குச் சொல்லியாயிற்று. இந்த நிமிடம் வேறு யாராவது அவர் பெயரைக் கேட்டால், அது இன்னும் அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லும்.

"முன்னாடி வாம்மா," என்றார் ஜாபர் பாய். "உங்க அம்மா உக்காந்துகினு வந்த சீட்டுதான்."

அவள் அதில் உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.