அண்ணியின் நகத்தில் தங்கக் கோடு

பார்லரில் அவளுக்குத் துறுதுறு என்றுதான் பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கண் வாசலுக்கு ஓடும். ஒருத்தியின் விரலைப் பிடித்திருக்கும்போதே அடுத்தவளிடம் என்ன நிறம் என்று கேட்டுவிடுவாள். ஆனால் வேலை சுத்தம். அதற்காகவே முதலாளியம்மா அவளைப் பொறுத்துப்போனாள்.

அன்று சாயங்காலம் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது அவள் அண்ணி என்று கூப்பிடும், அவள் கணவனின் அக்கா. மறுநாள் காலை அண்ணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம்.

அண்ணியின் கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அண்ணி ஒரு துணிக்கடையில் துணி மடித்து அடுக்குகிறாள். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்க வந்து போகிறவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். மகளுக்குச் சந்தோஷம். தம்பிதான், இந்த வயதில் இது தேவையா என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அதோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான். கல்யாணத்துக்குப் போகாதே என்று மனைவியிடம் அவன் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அதுதான் துறுதுறுவைப் பாடாய்ப் படுத்தியது.

நகத்தில் மெல்லிய தங்கக் கோடு வேண்டும் என்று அண்ணி கூச்சத்தோடு கேட்டாள். கடைக்கு வந்த ஒரு பெண்ணின் விரலில் பார்த்தாளாம். துறுதுறுவின் கணவன் வேன் ஓட்டுகிறவன்; அந்த வழியாகத்தான் வீடு திரும்புவான். எந்த நிமிஷமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வண்டி வந்து நிற்கலாம் என்ற நினைப்பிலேயே துறுதுறு வேலை பார்த்தாள். நிறம் சரியாகக் காய்வதற்குள், கோட்டுக்கான நூல் போன்ற தங்க டேப்பை ஒட்டினாள். நகத்தின் நுனி வரைக்கும் இழுத்து வெட்டினாள். மேலே ஒரே ஒரு பூச்சு. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அண்ணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

விடிந்ததும் அண்ணியிடமிருந்து போன் வந்தது. டேப் நுனியில் கிளம்பிவிட்டது, கல்யாணப் புடவையை மடிக்கும்போது அதன் நூலே அதில் மாட்டி இழுக்கிறது, பரவாயில்லை, எல்லாவற்றையும் பிய்த்துவிடட்டுமா என்று கேட்டாள். அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் துறுதுறுவால் தாங்க முடியவில்லை. பிய்க்காதீர்கள், பார்லருக்கு வாருங்கள் என்றாள். அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், அவசர வேலை என்று கணவனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கிளம்பின அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

பழையதை முழுக்கத் துடைத்து எடுத்தாள். எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாதென்று நகத்தை மறுபடி ஒருமுறை துடைத்தாள். அடிப்பூச்சு, அதன் மேல் நிறம். பிறகு காய வேண்டும். காயும்வரை செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்கு எப்போதும் தண்டனை. கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மேஜைக்கு அடியில் கால் தாளம் போட்டது.

"மேஜை ஆடுதும்மா," என்றாள் அண்ணி.

காலைக் காலால் அழுத்திக்கொண்டாள். நிறம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகிய பிறகு, இடுக்கியால் டேப்பை எடுத்து, இழுக்காமல் வைத்து, மரக் குச்சியால் நீளவாட்டில் அழுத்தினாள். இந்தத் தடவை நுனி வரை விடவில்லை. இரண்டு முனையிலும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வெட்டினாள். மேல்பூச்சு டேப்பைத் தாண்டி இறங்கி நகத்தைப் பிடித்தால்தான் ஓரம் கிளம்பாது. நுனியின் விளிம்பிலும் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தாள்.

கடைசி விரலில் பூசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கணவன். கையில் அவள் போன்.

அவன் அவளைப் பார்த்தான். விரல்களை அகல விரித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான். பொய் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினான். அப்போது அண்ணியின் போன் அடித்தது. திரையில் 'லிஃப்ட்' என்று வந்தது. அண்ணியின் கை ஈரம். துறுதுறுவின் ஒரு கையில் அண்ணியின் விரல், மறு கையில் பிரஷ். மணி அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

"விடும்மா, அப்புறம் பேசிக்கிறேன்," என்றாள் அண்ணி. கண் மட்டும் போனை விட்டு நகரவில்லை.

அவன் கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். வந்து, அடிக்கும் போனை எடுத்து அக்காவின் காதில் வைத்துப் பிடித்தான். அந்த மனிதரின் குரல் வெளியே நன்றாகவே கேட்டது. தான் சீக்கிரமே வந்துவிட்டதாகவும், ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை, பதறாமல் வரலாம் என்றும் சொன்னார். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்திப் பழகின குரல்.

"தம்பி வந்திருக்கான். அவன்தான் போனைப் பிடிச்சிருக்கான்," என்றாள் அண்ணி.

 அவர், தம்பியிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் போனையே பார்த்தான். காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனான். அவர் என்ன சொன்னாரோ, இவன் இரண்டு மூன்று தடவை 'ம்' கொட்டினான். கடைசியில், "வேன் இருக்கு. நானே கொண்டு வந்து விடுறேன்," என்றான்.

துறுதுறுவுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் இன்னொரு பூச்சு பாக்கி. முதல் பூச்சு காயாமல் அதைப் போட முடியாது. அதைச் சொன்னதும் அவன் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்தான். ஷாம்பு பாட்டிலை எடுத்துப் படித்தான், வைத்தான். உன் புருஷனும் உன்னை மாதிரியே இருக்கிறானே என்று முதலாளியம்மா முணுமுணுத்தாள்.

இரண்டாவது பூச்சும் காய்ந்த பிறகு மூவரும் வேனில் கிளம்பினார்கள். அலுவலக வாசலில் அவன் இறங்கவில்லை. துறுதுறு ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அண்ணியோடு உள்ளே போனாள். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை, போகட்டுமா என்று கேட்கவும் இல்லை.

உள்ளே எல்லாம் சட்டென்று முடிந்தது. அண்ணி கையெழுத்துப் போட்டபோது பேனாவைப் பிடித்த விரல்களில் கோடுகள் மின்னின. எழுத்தர்கூட ஒரு தரம் பார்த்தார். துறுதுறுவுக்கு அதைப் பார்க்கவும் மனசில்லை, கண் ஜன்னலுக்கே போனது. வேன் நின்ற இடம் காலியாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். போய்விட்டான் என்றே நினைத்தாள். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் நடந்து வந்தான். லிஃப்ட்காரர் இரண்டடி முன்னால் போய், அங்கேயே நின்றார். அவன் அக்காவைப் பார்க்காமல், அவரையும் நேராகப் பார்க்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக் கேட்டான்:

"மத்தியானம் ரெண்டு பேரும் எங்க சாப்பிடுறீங்க?"

எங்கேயும் முடிவு பண்ணவில்லை என்றார் அவர்.

"அப்ப வீட்டுக்கு வாங்க."

அண்ணி தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். துறுதுறுவுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு, வீட்டில் ஒரு பருக்கைகூட வேகவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் முன்னால் வேனை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.