சிவப்பு மூடிக் குப்பிகள்

எங்க டைரக்டருக்குப் புஜம் வளர்ந்த கதையை ஆபீஸ் முழுக்கச் சிரிச்சு சிரிச்சுப் பேசுது. அதுல என் வேலை போகப் பார்த்ததை மட்டும் யாரும் பேசல. அதனால நானே சொல்லிடறேன்.

கிழிஞ்ச தசையைத் திரும்ப வளர வைக்குமான்னு எங்க ஆய்வுக்கூடத்துல பெப்டைடுங்கிற செயற்கைப் புரதத் துணுக்கை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். சிவப்பு மூடிக் குப்பியில எது, நீல மூடியில எதுன்னு ஊசி போடறவங்களுக்கும் தெரியக்கூடாது, அளக்கிற டைரக்டருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கண்ணு தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். குப்பிகளை நிரப்பினவ நான். எது எதுன்னு எழுதி, உறையில போட்டு ஒட்டி, பதிவாளர் அலமாரியில வெச்சாச்சு. ஆய்வு முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கக்கூடாது.

ரெண்டாவது மாசம் டைரக்டர் லிஃப்டை விட்டுட்டு நாலு மாடியும் படியேற ஆரம்பிச்சார். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டார். பியூன் தினமும் காலையில தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குங்க சார்"னு சொல்லணும். அதே மாசம் ஃப்ரீசர்ல சிவப்பு மூடிக் குப்பிங்க குறைய ஆரம்பிச்சுது. அதுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அவர்கிட்ட.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "பத்து வருஷமா தற்காலிகமாவே ஓட்டியாச்சு. இப்பதான் நிரந்தர ஆர்டர் வரப்போகுது. அந்த ஆள்தான் கையெழுத்துப் போடணும். நீ எதையும் பார்க்கல"ன்னார். மென்னு முழுங்கிட்டேன்.

ஆய்வு முடிஞ்சு எண்ணினா பன்னண்டு குப்பியைக் காணோம். டைரக்டர் கூசாம, "விலை மதிக்க முடியாத மருந்து. சாவி இந்தம்மாகிட்டதான் இருந்துது"ன்னு பழியைத் தூக்கி என் தலையில போட்டார். மூணு பேர் உட்கார்ந்து விசாரிச்சாங்க.

"ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே, உறையைப் பிரிச்சுப் பாருங்க மேடம். போனது என்னன்னு தெரிஞ்சிடும்"னேன்.

தலைமை வகிச்ச அம்மா பிரிச்சுப் படிச்சாங்க. "சிவப்பு, உப்புத்தண்ணி."

டைரக்டர் எழுந்தே நின்னுட்டார். "இருக்கவே இருக்காது. சிவப்புதான் மருந்து. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"னு அந்தம்மா கேட்டாங்க.

டைரக்டரோட வலது கை தன்னால போய் இடது புஜத்தை அமுக்கிப் பார்த்துது. தேநீர் கொண்டு வந்த பியூன் வாயைப் பொத்திக்கிட்டு வெளியே போயிட்டார்.

அந்தம்மா அவரோட அளவுப் புத்தகத்தைப் புரட்டினாங்க. அவர் கைப்பட அளந்ததுல உப்புத்தண்ணி ஊசி போட்ட எலிங்க தசைதான் ஒன்றரை மடங்கு வளர்ந்திருந்துது. ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

'பன்னிரண்டு குப்பிகள் ஆவியாகிவிட்டன'னு எழுதி விசாரணையை முடிச்சாங்க. இறுக மூடின குப்பி, மைனஸ் எண்பது டிகிரி உறைகுளிர்ல. மறுநாளே என் ஆர்டர் வந்துது. டைரக்டர் ஒரு கேள்வி கேட்காம கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதை எடுத்துக்கிட்டுப் படியில இறங்கப் போனேன். நாலாவது மாடியில டைரக்டர் லிஃப்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தார். சட்டைக் கையில பட்டன் எல்லாம் போட்டிருந்துது.