தீட்டக் கூடாத அரிவாள்

ஜெயப்பிரியாவுக்கும் அவள் சித்தப்பா மகன் அருண்பாண்டியனுக்கும் மூன்று மாதமாக ஒரே சண்டை. சொத்துச் சண்டையாக இருந்திருந்தால் நாலு பெரியவர்கள் பேசித் தீர்த்திருப்பார்கள். இது வீடியோ கேம் சண்டை. ஊர் ஊராகப் போய், ஆட்களோடு பேசி, ஆயுதம் சேர்த்து, கதாநாயகியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போகும் ஒரு விளையாட்டை இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். அது எந்தக் காலத்து ஊர் என்பதில்தான் அடிதடி. அவன் ராக்கெட், ரோபோ, லேசர் துப்பாக்கி என்றான். அவள் குதிரை, மந்திரம், பேய், அரிவாள் என்றாள்.

"அருவாள டவுன் பஸ்லயே பாக்கலாம். அதுக்கு எதுக்குட்டி கேமு?"

"ஒன் துப்பாக்கி மட்டும் என்ன வாழுது? டார்ச் லைட்டுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் அலுவலகம். ஆடிக் காற்று கரிசல் தூசியை வாரிக் கொண்டுவந்து கீபோர்டில் கொட்டும். இரண்டு காலத்துக்கும் ஆளுக்கொரு சின்ன மாதிரி செய்வது, எது நன்றாக வருகிறதோ அதை இணையத்தில் இலவசமாக விட்டுப் பார்ப்பது என்று கடைசியில் முடிவானது.

ஜெயப்பிரியாவுக்கு ஓர் அரிவாள் வேண்டும். மனதிலிருந்து வரைந்தால் அது வாழைக்காய் மாதிரி வந்தது. நிஜ அரிவாளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அதன் உருவத்தைச் செய்துவிடும். ஆகவே ஒரு காலையில் பஸ் ஏறி, இடைசெவலுக்குத் தெற்கே பருத்திக்காட்டு நடுவில் இருக்கும் அவர்கள் குடும்பக் கருப்பசாமியிடம் போனாள். கருப்பனைச் சுற்றி நேர்த்திக்கடனாக நட்ட அரிவாள்கள் ஆள் உயரத்துக்கு நூறுக்குக் குறையாமல் நிற்கும். எல்லாம் மழையில் துருவேறியவை. அவற்றில் ஒன்று அவளுடையது.

ஏழு வயதில் அவளுக்குப் பதினொரு நாள் காய்ச்சல். டாக்டர்கள் கையை விரித்த பிறகு, அப்பா தங்கப்பாண்டியன் கருப்பனுக்கு ஓர் அரிவாள் நேர்ந்துகொண்டார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அரிவாளில் அவள் பெயரைக் கொத்தி, இரண்டு மணி கட்டி நட்டார்கள். அந்தக் குடும்பத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நேர்ந்த அரிவாளுக்குக் கூர் வைக்கக் கூடாது. பட்டறையிலிருந்து மொட்டையாகத்தான் வாங்கி வர வேண்டும். அந்த உயிரை விட்டுவிடுகிறேன் என்று கருப்பன் ஒப்புக்கொண்டதற்கு அந்த மொட்டை விளிம்புதான் சாட்சி. யாராவது தீட்டினால், வெட்டு என்று அவன் கையில் கொடுத்த மாதிரி. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் வெட்டுவான். பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர அந்த வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஜெயப்பிரியாவுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆனால் திரையில் அந்த மொட்டை விளிம்பு பார்க்கச் சகிக்கவில்லை. பூரிக் கட்டை மாதிரி இருந்தது. படத்துக்கு ஏது கூர் என்று நினைத்தாள். மவுஸால் விளிம்பைப் பிடித்து இழுத்து இழுத்து மெலிதாக்கி, ஒரு பளபளப்பும் கொடுத்தாள். குதிரை மேல் வரும் ஊர்க் காவல்காரன் கையில் அதை வைத்தாள். கதாநாயகிக்குத் தன் முகத்தையே போட்டாள், வேறு யார் முகத்துக்கும் யாரிடமும் போய் நிற்க வேண்டாமே என்று.

மறுநாள் மத்தியானம் ஓட்டிப் பார்த்தார்கள். காவல்காரன் கதாநாயகியோடு சேர்ந்து கொள்ளைக்காரர்களை வெட்ட வேண்டும். அவன் குதிரையைவிட்டு இறங்கினான். கொள்ளைக்காரர்களுக்கு நடுவே, அவர்கள் வெட்டு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து கதாநாயகியின் கழுத்தில் போட்டான். ஜெயப்பிரியா தன் முகம் மண்ணில் உருண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"புரோகிராம் கோடுல எங்கனயோ தப்பு இருக்கு," என்று அருண் தேடினான். தப்பு இல்லை. ஆறு தடவை ஓட்டினார்கள். ஆறு தடவையும் அதே நடை, அதே கழுத்து. சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். நாலு நாளாகியும் இறங்கவில்லை.

"ஒன் சாமி காலம் ஒத்து வரல. எங்க காலத்துக்கு வந்துரு," என்று அருண் சிரித்தான். அரிவாளையும் குதிரையையும் அழித்தான். விண்வெளி நிலையம் வந்தது. காவல்காரன் ரோபோவானான். கையில் லேசர் துப்பாக்கி. கதாநாயகியின் முகத்தை மட்டும் சோம்பலில் அப்படியே விட்டிருந்தான்.

ரோபோ ஐந்து நிமிஷம் ஒழுங்காகச் சுட்டது. பிறகு துப்பாக்கியைத் தரையில் வைத்தது. துப்பாக்கியைக் கீழே வைக்க அருண் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவே இல்லை. நீளமான இரும்பு நடையில் அது கதாநாயகியை நோக்கித் திரும்பி நடந்தது. ஸ்பீக்கரில் மணிச் சத்தம் கேட்டது. ஒரு மணியோசையைக்கூட அவர்கள் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. ரோபோ வெளிச்சத்துக்கு வந்தபோது அதன் கையில் அழித்துப்போட்ட அரிவாள் இருந்தது. அதில் ஜெயப்பிரியா என்று எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது.

அருண் கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டான்.

"ஏட்டி, இது நம்ம கருப்பங்கிட்ட நிக்குத அருவாளா?"

"ஆமா."

"கூர் வச்சியா?"

"லேசாத்தாம்ல."

"இதுல என்னட்டி லேசு?" ராக்கெட்டும் ரோபோவும் பேசியவன் குரல் உடைந்துபோனது. அவனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே.

வயரைத் திரும்பச் செருகி, அவள் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியில் அரிவாளைத் திறந்து, விளிம்பை மொட்டையாக்கினாள். திரும்ப ஓட்டினார்கள். காவல்காரன் கதாநாயகியிடம் வந்தான். அரிவாளைத் திருப்பிப் பார்த்தான். தாழ்த்தினான். போய் எல்லையில் நின்றுகொண்டான். ஜெயப்பிரியாவுக்கு நெற்றியில் வியர்வை பூத்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவள் சிரித்தாள். அருண் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமையே அத நெட்டுல ஏத்திட்டேன்."

"எத?"

"கூர் வச்சத. ஒன் கேமத்தான். அவன் வெட்டுதது தப்புன்னாலும் பாக்கப் பயங்கரமா இருந்துச்சு, அப்படியே விட்டேன். ஒன் பக்கந்தான் ஜெயிக்கும்னு எனக்கு அப்பமே தெரியும்ட்டி. சொல்லத்தான் வாய் வரல."

முந்நூற்று நாற்பது பேர் தங்கள் கம்ப்யூட்டரில் அதை இறக்கியிருந்தார்கள். பக்கத்தை உடனே தூக்கினான். ஆனால் போனதை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? தூக்கும் முன் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தார்கள்: 'இந்தக் காவல்காரன் ஏன் அந்தப் பொண்ணை மட்டும் வெட்டுறான்? செம திகில். நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கேன்.' அதைப் படிக்கும்போதே அவளுக்கு உடம்பு மறுபடி கொதிக்கத் தொடங்கியது.

அருண் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கருப்பனிடம் போனான். உச்சி வெயில். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நூறு அரிவாளும் துருப்பிடித்து நிற்க, அவள் பெயர் கொத்திய ஒன்று மட்டும் பட்டறையிலிருந்து வந்த மாதிரி மின்னியது. அருண் ஒரு பருத்திச் செடியின் தண்டை ஒடித்து விளிம்பில் லேசாக வைத்தான். அது இரண்டாகி விழுந்தது.

ஜெயப்பிரியா ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்தாள். கூரின் மேலேயே வைத்து உரசினாள். கை எரிந்தது. முக்கால் மணி நேரத்தில் விளிம்பு மழுங்கியது. தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. "சரியாப்போச்சுலே," என்று கல்லைக் கீழே போட்டாள். இருவரும் பைக் வரைக்கும் நடந்தார்கள்.

பின்னால் மணி ஒரு தடவை அடித்தது.

திரும்பிப் பார்த்தாள். காற்றே இல்லை. பருத்தி இலை ஒன்றுகூட அசையவில்லை. அரிவாளின் விளிம்பில் ஓர் அங்குலம் மட்டும் புதிதாக மின்னியது. யாரோ எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத் திறந்திருக்கிறார்.

மணி இன்னொரு தடவை அடித்தது.

"மொத்தம் எத்தன பேருட்டி?" என்றான் அருண், தெரிந்தும்.

"முந்நூத்து நாப்பது பேரு. அவிய அனுப்புன ஆளுக எத்தனையோ." அவள் அரிவாளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே போட்ட கல்லை எடுத்தாள். "நீ போயி குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வா. நான் இங்கனதான் இருப்பேன்."