மூக்கம்மாள் கிள்ளிப்போட்ட மொட்டுகள்

லூர்துநாதன் வாத்தியாரைப் பங்குச் சாமியார் கடமலைக்குண்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார் என்று கேட்டதும், சின்னமனூரிலேயே ரொம்பச் சந்தோசப்பட்டவள் பக்கத்துவீட்டு மூக்கம்மாள்தான். வெளியே சொல்ல முடியுமா? மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

காரணம் அவள் வீட்டுக் கொல்லையில், எருவாட்டிக் குவியலுக்குப் பின்னால், ஒரு சீமெண்ணெய்த் தகரத்தில் நின்றது. பன்னீர் ரோஜா. வாத்தியார் பொண்டாட்டி மதலேனாள் பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து, தொட்டியில் வளர்த்த செடியின் கிளை. கேட்டிருந்தால் தந்திருப்பாள். ஆனால் ரோஜாவைத் திருடி வைத்தால்தான் வேர் பிடிக்கும், கேட்டு வாங்கினால் பட்டுப்போகும் என்று ஊரே நம்புகிறபோது மூக்கம்மாள் மட்டும் எப்படிக் கேட்பாள்? ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒடித்துவிட்டாள்.

ஒடித்ததும் ஒடித்தாள், பூவோடு இருந்த கிளையாகப் பார்த்து ஒடித்துத் தொலைத்தாள். மாதா படத்துக்கு வைக்கக் காத்திருந்த பூவாம் அது. மதலேனாள் தெருவைக் கூட்டிவிட்டாள். "எவடி அந்தக் களவாணிச் சிறுக்கி?" அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எந்த ரோசக்காரி ஒத்துக்கொள்வாள்? மூக்கம்மாள் வீம்புக்குச் சூடத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினாள். உள்ளங்கை கொப்பளித்துப் போனது. "மதினி, மதினி" என்று ஒரே அம்மியில் அரைத்தவர்கள் அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

பாழாய்ப்போன செடியோ செழித்து வளர்ந்தது! பூத்தால் வாசம் சுவர் தாண்டிப் போய்க் காட்டிக்கொடுத்துவிடுமே. மொட்டு வைக்க வைக்க மூக்கம்மாள் கிள்ளிப்போட்டாள். ஒவ்வொரு தடவையும் அழுகை வரும். மாற்றல் சேதி வந்த பிறகுதான் ஒரே ஒரு மொட்டை விட்டுவைத்தாள். வண்டி கிளம்பட்டும், நாளைக்கே அதைத் தலையில் வைத்துக்கொண்டு கடைவீதி வரைக்கும் ஒரு நடை போய்வரவேண்டும்.

வண்டியும் வந்தது. மூக்கம்மாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மதலேனாள் ஒன்பது தொட்டிகளுக்கும் ஈரச்சாக்குச் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவே வைக்கோலைத் திணித்தாள். ரோஜாத் தொட்டியை மட்டும் தன் கைக்கு எட்டுகிறாற்போல வண்டியின் பின்பக்கம் வைத்தாள். அடிப் பைத்தியக்காரி, மாட்டுவண்டியில் எவளாவது செடிக்கு வைக்கோலை முட்டுக்கொடுப்பாளா? மூக்கம்மாளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பேச்சுவார்த்தைதான் இல்லையே. வாயை மூடிக்கொண்டு, மொட்டைப் பார்க்கக் கொல்லைக்குப் போனாள்.

அலறல் கேட்டு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டிக்காரன் சுருளியாண்டி மாடுகளைப் பின்பக்கம் கட்டிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போயிருக்கிறான். மயிலைக்காளை வைக்கோலை இழுத்திருக்கிறது, தொட்டி கீழே விழுந்து உடைந்திருக்கிறது. வேரை மிதித்துக்கொண்டு, கடைசித் துளிரைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது அந்தச் சனியன்.

"விடு மதலேனா, அங்கன போய் வேற வாங்கிக்கிடலாம்" என்றார் வாத்தியார்.

"வேறயா? எங்க ஆத்தாவே போயிருச்சு. அது கையால வச்சுக் குடுத்தது இது ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்று மதலேனாள் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மூக்கம்மாள் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செடி பிழைத்திருக்கும். இப்போதும் பேசாமல் இருந்தால் வண்டி போய்விடும், பூ அவளுக்கு. கொண்டுவந்து கொடுத்தாலோ, பொய்ச்சத்தியக்காரி என்ற பேர் சாகிறவரைக்கும் போகாது. தெருவே கூடி நிற்கிறது. நின்றாள், நின்றாள், அப்புறம் விறுவிறுவென்று கொல்லைக்குப் போய்த் தகரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா, ஒன் செடி. நான்தான் திருடுனேன். சூடத்தையும் பொய்யாத்தான் அணைச்சேன். வையணும்னா வஞ்சுட்டுப் போ."

மதலேனாள் செடியைப் பார்த்தாள், அந்த ஒற்றை மொட்டைப் பார்த்தாள். "இத்தனை நாளா பூக்கவேயில்லையா?"

"பூத்தா ஒனக்கு வாசம் வந்துருமே. கிள்ளிப்போட்டேன்."

"அடிப்பாவி மதினி! எல்லாத்தையுமா?" என்று மதலேனாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். மூக்கம்மாளும் அழுதாள். ரெண்டு வருசத்துக்கும் சேர்த்து அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மதலேனாள் ஒரு கிளையை ஒடிக்கப் போனாள். மூக்கம்மாள் பதறிப்போய்த் தடுத்தாள். "வேணாம் மதினி. நீயாக் குடுத்தா வேர் பிடிக்காது."

மதலேனாள் கையை எடுத்துக்கொண்டாள். வைக்கோலையெல்லாம் உருவி எறிந்துவிட்டுத் தகரத்தை வண்டியின் ஓரத்தில் வைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிறாற்போலச் சொன்னாள்: "உள்ள என்னமோ மறந்துட்டேன். தேடணும், நேரமாகும். ஏங்க, நீங்களும் வாங்க. சுருளியாண்டி, மாட்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நில்லு."

வீட்டைக் காலையிலேயே துடைத்துக் காலி பண்ணியாகிவிட்டது. மறக்க அங்கே ஒரு துரும்பு கிடையாது.

மூக்கம்மாள் இந்தத் தடவை மொட்டு இல்லாத கிளையாகப் பார்த்து ஒடித்து, முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வெறுங்கையோடு வெளியே வந்த மதலேனாள் செடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "களவாணிச் சிறுக்கி" என்று மூக்கம்மாளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினாள்.