எந்த ரைட்?

மொட்டை மாடிக்கு ஏற்றவேண்டியது ஒரு இரும்புத் தண்ணீர்த் தொட்டி. கிரேன் ஓட்டியவளை அந்த வேலையிடத்தில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். மாடியில் நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்லும் கொழுந்தன் வாயிலிருந்து பரவிய பெயர் அது. அவன் முன்பு பஸ் கண்டக்டர். எதற்கெடுத்தாலும் "ரைட்".

தொட்டி லிஃப்ட் அறைச் சுவருக்குப் பின்னால் போனதும் அண்ணிக்குக் கம்பி மட்டும்தான் தெரிந்தது. அங்கே வெல்டர் ஒருவன் குனிந்து, தொட்டி உட்கார வேண்டிய சட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"ரைட் அண்ணி," என்றான் கொழுந்தன். இறக்கலாம் என்று அர்த்தம். அவள் வலது பக்கம் திருப்பிவிட்டாள்.

"நிறுத்துங்க அண்ணி. வெல்டர் கைப்பிடிச் சுவத்துக்கும் தொட்டிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு."

அவள் உடனே நிறுத்தினாள். "இடது பக்கம் நகர்த்தட்டுமா?"

"ரைட், ரைட்."

லீவர் மேல் இருந்த கையை அவள் அசைக்கவில்லை. ஆமாம் என்கிறானா, வலது பக்கம் என்கிறானா? தப்பான பக்கம் ஒரு விரற்கடை போனாலும் ஆள் நசுங்கிவிடுவான்.

"எந்த ரைட்டுடா?"

கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. பதற்றத்தில் பேசும் பட்டனை விட்டுவிட்டான் போல.

"இந்தா பாரு," என்றாள் குரலைத் தணித்து. "அந்த வார்த்தையை விடு. நான் பாக்குற பக்கத்துலேருந்து அந்தக் கைப்பிடிச் சுவரு எங்க இருக்கு?"

"தொட்டிக்கு... வலது கைப் பக்கம்."

"அப்ப இடது பக்கம் எடுக்கிறேன். ஆமாவா, வேண்டாமா?"

"ஆமா. ஆமா அண்ணி."

லீவரை மெல்ல அசைத்தாள். கம்பி லேசாக ஆடியது.

"விடுபட்டுட்டாரு. உக்காந்துட்டாரு. மூச்சு விடுறாரு."

வெல்டருக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

"என்னாலதான் அண்ணி," என்றான் கொழுந்தன், தலை நிமிராமல்.

"நீ சொன்னதை என்னன்னு கேக்காம திருப்பினது நான். ரெண்டு பேரும்தான்."

மறுநாள் காலை கிரேன் ஏணியில் பாதி ஏறியதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"அவசரமில்ல அண்ணி. மெதுவா ஏறுங்க."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏறினாள்.