கொளவாய் ஏரி வரை ஓர் ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஒரு பிரியாணி வேனுக்குள் நின்றபடி பிரதீபா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவர் வாசுதேவன், கையில் பேடும் பேனாவுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு டம்ளர் தண்ணிதான். அங்க டேங்க் சின்னது" என்றார்.

பிரதீபா வாயில் நுரையோடு அவரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டாவது டம்ளர் எடுத்தாள். அவர் பேடில் எழுதினார்: 'ஐட்டம் 2. தண்ணீர்ச் சிக்கனம். திருப்தி இல்லை.'

இன்னும் மூன்று வாரத்தில் இருவரும் நியூசிலாந்து போகிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற கேம்பர்வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதினைந்து நாள் மலையும் ஏரியுமாகச் சுற்றுவதாகத் திட்டம். திட்டம் முழுக்க பிரதீபாவுடையது. கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் புவியியல் எடுக்கிறாள். பனியாறு மலையைக் குடைந்து பள்ளத்தாக்கு செய்வதையும், பாறையை மாவாக அரைத்து ஏரித் தண்ணீரைப் பச்சை கலந்த நீலமாக்குவதையும் வருஷத்துக்கு மூன்று செக்‌ஷனுக்கு நடத்துகிறாள். நீலச் சாக்பீஸில் எத்தனை ஏரி வரைந்திருப்பாளோ கணக்கில்லை. போன வருஷம் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பிரதீபா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வாசுதேவனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. சைரன் ஊதி, ஆட்களை ஓடவிட்டு, யார் எத்தனை நிமிஷத்தில் எங்கே போய் நின்றார்கள் என்று குறிக்கிற மாக் டிரில் அவர் பொறுப்பு. ஒத்திகை பார்க்காமல் அவர் எதையும் செய்ததில்லை. மகள் ஸ்வாதியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், காலி மண்டபத்தில் பந்தி பரிமாற ஒத்திகை நடத்தியவர்.

பணம் போகாமல் நியூசிலாந்து வண்டியை ரத்து செய்வதென்றால் இன்று மாலை ஆறு மணிக்குள் செய்ய வேண்டும். அதனால்தான் இந்த ஞாயிறு.

"டிரில் பாஸ் ஆனா போறோம். ஃபெயில் ஆனா ஆறு மணிக்குள்ள கேன்சல். அவ்வளவுதான்" என்று முந்தின நாள் சொன்னார். பேச்சில் கறார்.

ஒத்திகைக்கு எடுத்த பிரியாணி வேன் ஸ்டான்லியுடையது. புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் சாயங்காலம் கடை போடுகிறவர். மச்சினன் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று படாளம் கிளம்பியவர், சாவியைக் கொடுக்கும்போதே ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், நெசமாவா இதுல தூங்கப் போறீங்கோ? அண்டா வெக்கிற பலகை சார் அது. இன்னாத்துக்கு இந்த வேல?"

"பயிற்சி" என்றார் வாசுதேவன்.

"மேடம், நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

"சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு ஸ்டான்லி."

ஆறு மணிக்கு வண்டி கிளம்பியது. வாசுதேவன் ஓட்டினார். தினமும் ஆபீஸ் பஸ்ஸில் போய் ஆபீஸ் பஸ்ஸில் வருகிறவர். வீட்டுக் காரை ஓட்டுவது பிரதீபாதான். ஆனால் நியூசிலாந்து வண்டிக்கான படிவத்தில் 'ஓட்டுநர்' என்ற இடத்தில் தன் பெயரை அவரே நிரப்பியிருந்தார். ஒரு படிவத்துக்காகச் சண்டை எதற்கு என்று அவளும் அன்றைக்கு விட்டுவிட்டாள்.

ஈ.சி.ஆரில் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் போகவில்லை. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகிற சாலையோரம் ஐட்டம் ஐந்து: வண்டிக்குள் சமையல். பிரதீபா உப்புமா கிளறினாள். புகை போக ஷட்டரைத் தூக்கியதுதான் தாமதம், வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. ஷட்டருக்கு மேலே 'ஜாக்குலின் பிரியாணி' என்று ஒரு ஆள் உயரத்துக்குப் போர்டு இருந்ததை இருவருமே மறந்திருந்தார்கள்.

"அண்ணாத்த, ரெண்டு சிக்கன், ஒரு குஸ்கா."

"பிரியாணி இல்லப்பா. இது கேம்பர்வேன்" என்றார் வாசுதேவன்.

"அது இன்னா ரேட்டு?"

"விக்கிறதில்ல. நாங்க இதுல தங்கியிருக்கோம்."

வந்தவர் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்ல எதுனா பேஜாராண்ண?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பின்னால் நின்ற பூக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "உப்புமா வாசன வருது. அத்தயாச்சும் குடும்மா, நாஸ்தா துன்னல இன்னும்" என்றாள். பிரதீபா ஒரு தட்டு கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கை நீட்டினார்கள். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது அடிப்பிடித்த ஒரு கரண்டி.

வாசுதேவன் எழுதிக்கொண்டிருந்தார்: 'வெளியாட்கள் ஊடுருவல். திருப்தி இல்லை.'

"நியூசிலாந்துல யாருங்க குஸ்கா கேக்கப் போறா?"

"குஸ்கா கேக்க மாட்டான். வேற ஏதாவது கேப்பான். எதிர்பாராதது வரும்னு காட்டத்தானே டிரில்?"

மத்தியானம் இரண்டு மணிக்கு, திருக்கழுக்குன்றம் போகிற வழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி உறக்கத்துக்கு ஒத்திகை பார்த்தார்கள். அண்டா வைக்கிற பலகையில் இருவரும் ஒருக்களித்துப் படுத்தார்கள். தகரக் கூரை காய்ந்தது. பலகையில் பழைய மசாலா வாடை. பத்தாவது நிமிஷம் அவர் குறட்டை விட்டார். அவள் நாற்பது நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எழுந்ததும் அவர் எழுதினார்: 'உறக்கம். ஒருவருக்கு மட்டும். திருப்தி இல்லை.'

திருக்கழுக்குன்றத்தில் மலையேற்றம் என்று போட்டிருந்தார்.

"அந்த மலைக்குப் படிதாங்க இருக்கு. வண்டி எப்படி ஏறும்?"

அவர் பேடைப் புரட்டினார். புரட்டிய விதத்திலேயே, அவருக்கும் இது இப்போதுதான் உறைத்தது என்று தெரிந்தது. "அப்ப செங்கல்பட்டு ரயில்வே மேம்பாலம். அது மலை. அத இறங்கினா கொளவாய் ஏரி, அது ஏரி" என்றார்.

மணி நாலரை. பிரதீபா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ரத்து செய்ய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட்டாள்.

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் முன்னால் போன பஸ் நின்றது. வாசுதேவனும் நிறுத்தினார். பஸ் நகர்ந்தது. அவர் கிளட்சை விட்டார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார். இந்த முறை வண்டி பின்னால் உருண்டது. பின்னால் இருந்த ஷேர் ஆட்டோ அலறியது.

"யோவ் பிரியாணி, இன்னாய்யா ரிவர்ஸ்ல வந்துகினுகீற? லைசென்ஸ் கீதா இல்ல அண்டாவோட சேத்து வாங்கினியா?"

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். மூன்றாவது தடவையும் வண்டி அணைந்தது. ஹாரன் சத்தம் பாலத்தின் அடிவாரம் வரை நீண்டது.

"பிரேக்கை விடாதீங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் நகருங்க" என்றாள். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவர் இடத்தில் ஏறினாள். கிளட்சைப் பாதி விட்டு, என்ஜின் இழுக்கிற வரை பொறுத்து, பிரேக்கை விட்டாள். வண்டி ஏறியது. ஆட்டோக்காரர் முந்திக்கொண்டு போகும்போது, "அப்படி ஓட்டு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொளவாய் ஏரிக்கரையில் நிறுத்தியபோது மணி ஐந்து நாற்பது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேடை எடுத்தார். 'மலை. திருப்தி இல்லை' என்று எழுதிவிட்டு, போனில் ரத்து செய்கிற பக்கத்தைத் திறந்தார்.

"பத்தொம்பது ஐட்டம். பதினாறு ஃபெயில். நான் என்ன பண்ணட்டும் பிரதீபா?"

"ஒண்ணு கேக்கறேன். உங்க டிரில்ல ஓடுறவனே மார்க் போடுவானா?"

"அது எப்படி? அப்சர்வர் தனி ஆளு. கலந்துக்கிறவன் ரிப்போர்ட் எழுதினா ரிப்போர்ட்டே செல்லாது. இத உனக்கு எத்தன தடவ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"காலைலேர்ந்து வண்டி ஓட்டினது யாரு?"

அவர் பேடைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மார்க் போட்டது யாரு? இருபத்தெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்ன ரூலை உங்க வீட்டு டிரில்ல விட்டுட்டீங்க. இங்க குடுங்க அத."

பேடையும் பேனாவையும் அவர் கையிலிருந்து உருவினாள். பல், உப்புமா, பலகை எல்லாவற்றையும் ஒரே கோடாக அடித்தாள். அடியில் புதிதாக ஒன்று எழுதி அவர் முன்னால் நீட்டினாள். 'டிரைவருக்கு மேட்டில் வண்டி எடுக்க வராது.'

அவர் அதைப் படித்தார். "இங்க மேடே கிடையாதே. நான் எங்க போய்க் கத்துக்கறது?" என்றார். பிறகு மெதுவாக, "அங்க மலைப்பாதை வீடியோ பாத்தேன். ஒரு பக்கம் தடுப்பே இல்ல. ராத்திரி தூக்கம் வரல" என்றார்.

"இத ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னை விடிகாலைல வண்டிக்குள்ள பல்லு விளக்க வெச்சீங்களா? சொன்னா நான் ஓட்டிட்டுப் போறேன்."

"ஆம்பள நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு..."

"ஆம்பள பின்னாடி உருண்டுக்கிட்டே போனா மட்டும் நல்லாவா இருக்கு?"

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. போனை அவளிடமே கொடுத்தார்.

அவள் ரத்துப் பக்கத்தை மூடினாள். ஓட்டுநர் பெயரை மாற்றுகிற இடத்தைத் தேடிப் பிடித்து அவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டாள். வெளிநாட்டில் ஓட்டுகிற பர்மிட்டுக்கு நாளைக் காலையே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும், பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.

"எத்தனை வருஷம் ஓட்டின அனுபவம்னு கேக்குது" என்றாள்.

"எவ்வளவு போடுவ?"

"பத்தொன்பது. அதுல பாதி உங்கள ஆபீஸ் பஸ் ஸ்டாப்புல இறக்கி விட்டதுதான்."

பொத்தானை அழுத்தினாள். உறுதியாகிவிட்டது என்று பதில் வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"அப்ப அங்க எனக்கு என்ன வேல?"

"பக்கத்து சீட்ல உக்காந்து ஏரியைப் பாருங்க. நான் ரோட்டைப் பாக்கணும்ல? எந்தக் கலர்ல இருக்குன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். பேனாவை எடுத்தார். அவள் முறைத்ததும் பையில் வைத்துக்கொண்டார்.