மூன்றாம் பிரிவின் உலகச் செய்திகள்

எங்கள் தெருச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் பதினான்கு வீடுகள். மாதம் இரண்டு முறை, கிளிப் வைத்த ஓர் அட்டை வீடு வீடாகச் சுற்றும். குப்பை எடுக்கும் கிழமை மாறியது, சாக்கடை தூர்வாரும் ஞாயிறு எது, யாருடைய இறுதிச் சடங்கு எந்த மண்டபத்தில் என்று நகராட்சியும் சங்கமும் அச்சடித்த தாள்கள் அதில் இருக்கும். படித்துவிட்டு, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டு வாசலில் வைக்க வேண்டும். படிக்காமலும் குத்தலாம். பெரும்பாலும் அப்படித்தான் செய்தோம். பதினான்கு வீட்டைச் சுற்றிவர அதற்குப் பன்னிரண்டு நாள் ஆகும்.

அந்த ஏப்ரலில் பிரிவுத் தலைவர் பொறுப்பு ஒனோதெராவுக்கு வந்தது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. எழுபத்தொரு வயது. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்பதால் அட்டை அவர் கையிலிருந்து நேராக எங்களுக்குத்தான் வரும்.

முதல் அட்டையிலேயே, நகராட்சித் தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில், பேனாவால் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தார்.

"பருவநிலையைக் காப்பாற்ற உலகத் தலைவர்கள் மறுபடி கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனி விமானத்தில் வருகிறார்கள். மூன்றாம் பிரிவினர் தயிர் டப்பா மூடியைக் கழுவி, காயவைத்து, செவ்வாயன்று குப்பைக்குப் போடவும்."

நான் இரண்டு முறை படித்தேன். சங்கத்து அறிவிப்புதானா என்று சந்தேகமாகவே இருந்தது. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டேன்.

அடுத்த முறை கரடி எச்சரிக்கைத் தாள். எங்கள் அகிதா மாகாணத்தில் கரடிகள் ஊருக்குள் வருவது இலையுதிர் காலத்து வழக்கம்தான், அந்த வருடம் வசந்தத்திலேயே அவை மலையிலிருந்து இறங்கிவிட்டன. குழந்தைகளைத் தனியே அனுப்ப வேண்டாம் என்று நகராட்சி அச்சடித்திருந்தது. அதன் கீழே ஒனோதெரா: "நம் பிரிவில் குழந்தைகள் இல்லை. ஆகவே கரடியைத் தனியே விட வேண்டாம்."

ஜூனில், "அரிசி விலை இரண்டு மடங்கு. அரிசி விளையும் ஊரில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடும் பெருமை நமக்குக் கிடைத்திருக்கிறது." ஆகஸ்டில், "பிள்ளை பெற்றுக்கொள்ளுமாறு அரசு கேட்டுக்கொள்கிறது. மூன்றாம் பிரிவின் சராசரி வயது எழுபத்து மூன்று. முயற்சி செய்வோம்."

இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. ஆனால் அட்டை நாலே நாளில் எல்லா வீட்டையும் சுற்றி வந்துவிட்டது. நான் சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பலகாரப் பகுதியில் வேலை செய்கிறேன். கடைசி வீட்டுக் குதோ அம்மாள் ஒருநாள் குரோக்கே என்ற உருளைக்கிழங்கு வடை வாங்க வந்தவர் குரலைத் தாழ்த்தி, "சுகவாரா சான், நான் அதை எல்லாம் நோட்டுல எழுதி வைக்கறேன். செந்தாயில இருக்கற என் தங்கச்சிக்குப் போன்ல படிச்சுக் காட்டுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். ஏதோ களவுப் பொருள் வைத்திருப்பவர் போலப் பேசினார்.

என் கணவர் மசனோரிக்கு அறுபத்தொரு வயது. அவர் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. காலையிலிருந்து செய்தி பார்ப்பார். போர், வரி, யென் மதிப்பு, வெள்ளம், மறுபடி போர். டிவியிடம் பேசுவார். என்னிடம் "சாப்பாடு", "குளியல்", "கரண்ட் பில்" என்று ஒற்றைச் சொற்களோடு சரி.

அக்டோபரில் ஒரு பகல், வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்தபோது வாசலில் அட்டை இருந்தது. செருப்பைக் கழற்றாமலே படித்தேன்.

"ஏவுகணை எச்சரிக்கை வந்தால் உறுதியான கட்டடத்துக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்கிறார்கள். நம் பேட்டையில் உறுதியான கட்டடம் சூதாட்டக் கூடம் ஒன்றுதான். அதைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஏவுகணை பத்து மணிக்கு மேல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே இருந்து மசனோரி வந்து நின்றார்.

"என்ன?"

அட்டையை நீட்டினேன். படித்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரியில் திடீரென்று கூட்டம் போட்டார்கள். சமுதாயக் கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சங்கத் தலைவர் கமாதாவுக்கு எழுபத்தெட்டு வயது, சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு கடிதத்தை எல்லோர் கைக்கும் அனுப்பினார்.

"உலகில் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது சங்கத்தின் அட்டையைக் கேலிக்குப் பயன்படுத்துவது வருத்தம் தருகிறது. மனம் புண்பட்ட குடியிருப்பாளர் ஒருவர்."

கையெழுத்து தெரியக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்தையும் ரூலர் வைத்துக் கோடு கோடாக இழுத்திருந்தது. ஆனால் தாளை எனக்கு அடையாளம் தெரிந்தது. மங்கலான பச்சைக் கோடு. தொழிற்சாலை மூடிய அன்று மசனோரி அந்தக் குறிப்பேடுகளில் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். மேலே கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தைக் கத்தரித்திருந்தது. உறையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினேன். காது சுட்டது.

ஒனோதெரா எழுந்து இடுப்பு வளையக் குனிந்தார். "நாப்பது வருஷம் அடுத்தவங்க தப்பைத் திருத்தினேன். என் தப்பை இன்னொருத்தர் திருத்த வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

கமாதா தலையைச் சொறிந்தார். "நானும் படிச்சேன்தான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புகார்னு ஒண்ணு எழுத்துல வந்துட்டா, அப்புறம்... யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?"

அடுப்பு உஸ்ஸென்றது. குதோ அம்மாள் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதைப் பார்த்தேன்.

"அப்போ சரி," என்றார் கமாதா.

வீட்டுக்கு வந்தேன். டிவியில் ஏதோ ஒரு நகரத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"நீங்கதானே எழுதினீங்க?"

அவர் மறுக்கவில்லை. "ரூலர் வச்சு எழுத ஒரு மத்தியானம் பூரா ஆச்சு," என்றார்.

"ஏன்?"

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "நீ வாசல்லயே நின்னு சிரிச்சுட்டு, சிரிப்பைத் தொடச்சுக்கிட்டு உள்ள வர்ற. ஒவ்வொரு தடவையும்," என்றார். "முப்பத்திரண்டு வருஷத்துல நான் சொன்னதுக்கு ஒரு தடவை அப்படிச் சிரிச்சிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே தேடிப் பார்த்தேன்.

"நீங்க ஒண்ணும் சொன்னதில்லையே," என்றேன்.

அவர் டிவியின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார்.

மறுநாள் ஆறு குரோக்கேயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஒனோதெரா வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார்.

"அந்த லெட்டர்ல ஒரு பிழை இருந்துச்சு, கவனிச்சீங்களா?" என்றார். "'வருத்தம்'னு எழுதற சித்திர எழுத்துல ஒரு கோடு குறையுது. கூட்டத்துல சொல்லலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மன்னிப்புக் கேக்கற இடத்துல நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

"யார் எழுதினதுன்னு..."

"வேணாம் சுகவாரா சான்." மண்வெட்டியை நிமிர்த்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார். "தெரிஞ்சா ஒரு வீட்டுக்கு வணக்கம் சொல்ல முடியாமப் போகும். தெரியாததால பதிமூணு வீட்டுக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க அதையெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"சிரிப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அடடா," என்றார். "கூட்டத்துல யார் முகத்துலயும் அது தெரியலையே. சரி, சூடு ஆறதுக்குள்ள சாப்பிடறேன்."

எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் பேசினாரா, எனக்குத் தெரியாது. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு வந்த அட்டைகளில் அச்சடித்தது மட்டும் இருந்தது. மறுபடியும் பன்னிரண்டு நாள். ஜூன் மாதம் அவருடைய மகள் சிபாவிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, ஊரைவிட்டுப் போகிறவர்களின் வழக்கப்படி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைத்துண்டு கொடுத்தார். எங்கள் வீட்டில் மசனோரி வாங்கிக்கொண்டார். இருவரும் மாறி மாறிக் குனிந்தார்கள். அவர் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை தொங்குகிறது. யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நவம்பரில் சங்கத்தையே கலைத்துவிடலாம் என்று கூட்டம் வைத்தார்கள். அடுத்த தலைவராக இருக்க யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, கமாதாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை. தெருவிளக்கு என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நகராட்சியிடம் எழுதிக் கேட்போம் என்றார் கமாதா. கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினோம். மசனோரியும் வந்திருந்தார், அவரும் தூக்கினார். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது இருவரும் சேர்ந்து நடந்தோம். தபால் நிலையத்தைத் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஐக்கிய நாடுகள் சபைக்கும் நம்ம கமாதாவை அனுப்பிப் பார்க்கலாம். இருபது நிமிஷத்துல கலைச்சுட்டு வந்துடுவாரு."

நல்ல வரிதான். அதைச் சொல்வதற்காகத்தான் கூடத்திலிருந்தே வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. நடையைத் தளர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். வாயைக்கூடத் திறந்தேன். வெள்ளையாக மூச்சு மட்டும்தான் வந்தது.

"குளிருது," என்றேன்.

"ஆமா," என்றார் அவர்.